சஹன் தட்டில் விழுந்த வெள்ளைக் கோடுகள்

ஒரே ஒரு முறை தவிர, அந்த அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகிற பேருந்தில் பாதி இருக்கை காலியாகக் கிடக்கும். அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டு வருவார். "உக்காருங்கம்மா, ஏறுறவங்களுக்கு இடைஞ்சலா இருக்குல்ல" என்று கண்டக்டர் கத்துவார். "நீங்க நின்னுக்கிட்டுத்தானே வாரீங்க? உங்களை யாராச்சும் கேட்டாங்களா?" என்று அக்கா திருப்பிக் கேட்பார். அந்தக் கண்டக்டர் கடைசியில் வெறுத்துப்போய் அவரிடம் மட்டும் பேசுவதையே விட்டுவிட்டார்.

எனக்குத் தொழில் கல்யாண மேடை அலங்காரம். பிறந்தது கமுதிப் பக்கம், வாழ்க்கைப்பட்டு வந்தது ராமநாதபுரம். கடலோர ஊர்களில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் பெண்கள் இருக்கிற கூடத்துக்குள் ஆண்கள் வேலைக்கு வர முடியாது. பூ கட்டுவது, துணி மடிப்பது, விளக்கு போடுவது, புகை விடுவது எல்லாவற்றுக்கும் பெண்களே வேண்டும். அப்படித்தான் என் பிழைப்பு ஓடியது. இதில் என் உயிரை வாங்குவது அந்தப் புகைதான். மணப்பெண் மேடைக்கு நடந்து வரும்போது காலடியில் மேகம் மாதிரி வெள்ளைப் புகை போகிறதே, அது டிரை ஐஸைச் சுடுதண்ணீரில் போட்டு வரவழைப்பது. மதுரையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் வரும். அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உருகித் தண்ணீராகாது. பெட்டியைத் திறக்காமல் மூடியே வைத்திருந்தாலும் தன்பாட்டுக்குக் காற்றாகிக் குறைந்துகொண்டே போகும். பெட்டி வந்து இறங்கியதிலிருந்து பெண் மேடை ஏறுகிற வரைக்கும் நான் கடியாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெரியபட்டினத்தில் ஒரு கல்யாணம். எல்லாம் முடிந்து, மண்டபத்தின் கொல்லைப்புறத்தில் மிச்சமிருந்த ஐஸைக் கொட்டப் போனேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அதக் கொட்டாத புள்ள. எனக்குத் தா."

திரும்பிப் பார்த்தால், பட்டுப் புடவை, கழுத்து நிறைய நகை, நாற்பதைத் தாண்டிய ஒரு அம்மாள் கையில் தேநீர்க் கிளாஸோடு நின்றார்.

"இது சர்பத்துல போடுற ஐஸ் இல்லக்கா. தொட்டா விரல் வெந்து போகும்."

"தெரியும். மைனஸ் எழுபத்தெட்டு டிகிரி. பெட்டியோட தா, நாளைக்குப் பெட்டியத் திருப்பித் தாரேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். கல்யாண வீட்டில் பூவைக் கேட்பார்கள், பலூனைக் கேட்பார்கள், இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. எதுக்கு என்று கேட்டேன். "சும்மா நம்மளத் தாண்டிப் போயிக்கிட்டே இருக்குற சில பேரக் கண்ணால பாக்கணும்" என்றார். சரி, இந்த அம்மாவுக்குப் புத்தியில் ஏதோ ஆகிவிட்டது, ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிட்டேன். தொல்லை விட்டது என்று பார்த்தால், அடுத்த கல்யாணத்துக்கும் வந்து நின்றார். அதற்கடுத்ததற்கும். யாருடைய கல்யாணம் என்றுகூடச் சில நேரம் அவருக்குத் தெரியாது.

அங்கெல்லாம் சாப்பாடு சஹனில். ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். ஆள் குறைந்தால் இன்னொருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். இந்த அக்காவை எந்தத் தட்டிலும் சேர்க்க முடியாது. "நான் பரிமாறுறேன், நான் பரிமாறுறேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். பிறகு கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் பெட்டியைத் திரும்ப வாங்கக் கீழக்கரையில் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த ஊரில் பெண்கள் கல்யாணமாகி வெளியே போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆகவே அது அக்கா பிறந்து வளர்ந்த வீடு. அவரைப் பெற்ற உம்மா இருந்தார், மகள் இருந்தாள். மகளுக்கு அப்போது கல்லூரி முடிகிற வயது. பக்கத்து வீட்டு அம்மா ஒருவரும் பேச வந்திருந்தார். அக்கா இயற்பியலில் எம்.எஸ்ஸி. படித்தவர், மகள் பிறப்பதற்கு முன்னால் கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது.

கூடத்தின் நடுவில் ஒரு சஹன் தட்டு. அதன் உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட். தட்டுக்கு அடியில் என்னுடைய டிரை ஐஸ். தட்டின் மேல் மீன் வளர்க்கிற கண்ணாடித் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். தொட்டிக்குள் மேலே ஒட்டியிருந்த கம்பளித் துணியில் ஸ்பிரிட்டை நனைத்திருந்தார். வீடே நாறியது.

"அஞ்சு பேரு சாப்புடுற தட்ட நாசமாக்கிட்டா. தொழுவுற வீட்டுல இது என்ன வாடை?" என்று உம்மா என்னிடம் முறையிட்டார்.

"ஊசி போடுற எடத்துல தடவுறதுதான் உம்மா. குடிக்கிறதுக்கா வச்சிருக்கேன்? எல்லாரும் சுத்தி உக்காருங்க."

நாங்கள் நாலு பேரும் சாப்பாட்டுக்கு உட்காருவது போலவே அந்தத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தட்டின் மேல் மெல்லிய பனி மட்டும் படர்ந்து கிடந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்திருக்கப் போன நேரம், கறுப்புத் தட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோடு. ஊசியால் இழுத்தது போல நேராக வந்து கலைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு குட்டிக் கோடு, நெளிந்து நெளிந்து.

"நேராப் போச்சே, அது மியுவான். நெளிஞ்சு போனது எலெக்ட்ரான். ரெண்டும் ஒரு குடும்பந்தான்" என்றார் அக்கா.

"எங்கன இருந்து வருது?" என்று உம்மா கேட்டார்.

"மேல இருந்து உம்மா. பிளேன் பறக்குற ஒசரத்துக்கும் மேல. அங்கன காத்துல ஒண்ணு மோதி இதுக பொறந்து கீழ வருது."

உம்மா யோசித்தார். "எறங்குறது திருச்சியிலயா, மதுரையிலயா?"

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். உம்மா சிரிக்கவில்லை. அந்த வீட்டில் வானத்திலிருந்து வருகிறது என்றால் அந்த இரண்டு விமான நிலையத்தில் ஒன்றில்தான் இறங்க வேண்டும். யாராவது கார் எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவர வேண்டும். அக்காவும் சிரித்துக்கொண்டே, "இதுகளுக்கு ஏர்போர்ட் வேண்டாம் உம்மா, நேரா நம்ம தலைக்கு மேலயே எறங்கிரும்" என்றார்.

அப்புறம் அந்தக் குடும்பத்தைச் சொன்னார். சொல்லும்போது எங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பேர் லெப்டான். ஆறு பேர். மூன்று பேருக்கு மின்சாரம் உண்டு, மூன்று பேருக்கு இல்லை.

"மின்சாரம் உள்ள மூணும் அக்கா தங்கச்சின்னு வச்சுக்க. குணம் ஒண்ணுதான், கனந்தான் வேற. சின்னவ எலெக்ட்ரான். இந்த ஃபேன் சுத்துறதே அவ ஓட்டத்துலதான். நடுவுல உள்ளவ மியுவான். சின்னவளவிட எரநூறு மடங்கு கனம். பெரியவ டாவ், மூவாயிரத்து ஐந்நூறு மடங்கு. கனம் கூடுனா ஆயுசு கொறையும். பெரியவ பொறந்ததுமே போயிருவா. நடுவுலவ, நீ கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள லட்சம் தடவ செத்துப் பொழைக்கலாம், அம்புட்டுதான் அவ ஆயுசு. சின்னவளுக்கு மட்டும் சாவே கெடையாது."

"மத்த மூணு பேரு?" என்று மகள் கேட்டாள். ஏற்கெனவே பலமுறை கேட்டவள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அம்மாவுக்காகக் கேட்டாள்.

"ஒவ்வொருத்திக்கும் ஒரு நியூட்ரினோ. மின்சாரம் இல்ல. கனமும் இல்லேன்னே சொல்லிரலாம். செவுரு, மலை, இந்தப் பூமி, எதுக்குள்ளயும் பூந்து அந்தப் பக்கம் போயிரும். சூரியன்ல இருந்து வந்து, இந்தா இப்ப நம்ம ஒடம்புக்குள்ள கோடி கோடியாப் போயிக்கிட்டு இருக்கு."

பக்கத்து வீட்டு அம்மா சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"போர்த்தினாலும் போகும்மா" என்றார் அக்கா. "அதுக இந்தத் தட்டுல தெரியாது. வந்ததுக்கும் போனதுக்கும் ஒரு கோடு விழாது. குவார்க்குன்னு இன்னொரு குடும்பம் இருக்கு. அவங்க ரெண்டு பேரு மூணு பேரா ஒட்டிக்கிட்டேதான் கெடப்பாங்க, தனியா வாசல்படியத் தாண்ட மாட்டாங்க. இவங்க அப்படி இல்ல. தனியாத் திரியுறவங்க."

நான் விடவில்லை. எனக்கு ஒரு கணக்கு இடித்தது. "அந்த நடுவுலவளுக்கு அம்புட்டு ஆயுசு கம்மின்னா, அம்புட்டு ஒசரத்துல இருந்து கீழ வாரதுக்குள்ள செத்துருக்கணுமே? எப்படி இந்தத் தட்டு வரைக்கும் வந்தா?"

அக்கா நின்றார். அவர் முகத்தை அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அதான்! அதுக்குத்தான் உன் ஐஸக் கேட்டது. ஓடுறதுனால புள்ள. ஏறக்குறைய வெளிச்சத்தோட வேகத்துல ஓடுறா. அம்புட்டு வேகமா ஓடுறவளுக்கு நேரம் மெதுவாப் போகும். நம்ம கடியாரத்துல அவ ஆயுசு எப்பவோ முடிஞ்சிருச்சு. அவ கடியாரத்துல இன்னும் பாக்கி இருக்கு. ஓடுற வரைக்கும் இருப்பா."

"நின்னா?"

"நின்னா ஒடஞ்சு போவா. ஒரு எலெக்ட்ரானும் ரெண்டு நியூட்ரினோவுமாச் செதறிருவா."

சொல்லிவிட்டு மறுபடியும் நடக்க ஆரம்பித்தார்.

அவருடைய வீட்டுக்காரர் கத்தாரில் இருந்தார். முன்பெல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவாராம். பிறகு கொரோனா வந்தது. பிறகு கம்பெனி கைமாறியது. பிறகு பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தரவில்லை. ஐந்து வருஷமாயிற்று. 'அடுத்த மாசம்' என்பதை அந்த மனுஷன் சொல்லாத மாசமில்லை. வீடியோவில் பேசும்போது அக்கா அடுப்படியிலிருந்து முற்றத்துக்கும் முற்றத்திலிருந்து மாடிப்படிக்குமாக நடப்பார். "போன ஆட்டாத, எனக்குத் தலை சுத்துது" என்று அவர் அங்கிருந்து சொல்வது எனக்கும் கேட்கும். அக்கா கேட்காதது போல இன்னும் வேகமாக நடப்பார்.

ஒரு தடவை என் கடையில் பூச்சரங்களை எடுத்து நீட்டி அடுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "ஒரு நிமிஷம் உக்காந்தா என்னக்கா குடியா முழுகிரும்? பாக்குற எனக்குக் கால் வலிக்குது."

"உக்காந்தா கண்ணு வாசலுக்குப் போகுது புள்ள" என்றார். "நின்னுக்கிட்டு இருந்தா ஏதோ வேலையில இருக்கோம்னு இருக்கும். உக்காந்துட்டா காத்துக்கிட்டு இருக்குற மாதிரி ஆயிருது."

பிறகு அவரே சிரிப்புக் காட்டினார். "எனக்கு வாய்ச்சவரும் நியூட்ரினோதான். வருவாரு, வீட்டுக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போயிருவாரு. ஒரு கோடு விழாது. இன்னொண்ணு தெரியுமா? நியூட்ரினோ பொறப்படும்போது ஒரு வகையா இருக்கும், வந்து சேரும்போது வேற வகையா மாறிருக்கும். இவரு யாரா வந்து சேருவாரோ!"

நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த மனுஷன் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏய், சும்மா சொன்னேன். துகளுக்குப் புருஷனும் கெடையாது, பொண்டாட்டியும் கெடையாது. அதுபாட்டுக்கு அது போகுது. நாமதான் நம்ம கதைய அது தலையில கட்டுறோம்" என்றார். ஆனாலும் அன்றைக்கு என் கடையில் பூச்சரங்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை நீட்டி அடுக்கிவிட்டுத்தான் போனார்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ராமநாதபுரத்தில் மண்டபம், மேடை என்னுடையது. வாப்பா, அதாவது பெண்ணின் அப்பா, கத்தாரிலிருந்து வருவதற்காக ஒரு தேதியை ஏற்கெனவே தள்ளிப் போட்டாயிற்று. மாப்பிள்ளையும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்தான், லீவு முடியப் போகிறது. இனி ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. மகளுக்கு ஒரே ஒரு ஆசை. வாப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் புகையில் நடந்து மேடைக்கு வர வேண்டும். பெண்கள் கூடத்துக்குள் பெண்ணின் வாப்பா ஒரு நிமிஷம் வந்துபோவதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, தலையை மூடிக்கொள்கிறோம் என்றார்கள். இந்தத் தடவை பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. கொழும்பில் விமானம் மாறி, காலையில் திருச்சி, நிக்காஹ்வுக்கு முன்னால் மண்டபம். அப்படித்தான் திட்டம்.

காலையில் கொழும்பிலிருந்து போன் வந்தது. அடுத்த விமானம் தாமதம், எப்போது கிளம்பும் என்று தெரியவில்லை. நிக்காஹ்வுக்கு அவர் போனிலேயே சம்மதம் சொன்னார். ஆண்கள் பக்கத்தில் வாப்பாவின் இடத்தில் அவருடைய அண்ணன் உட்கார்ந்து நிக்காஹ்வை முடித்துவைத்தார். மேடைக்கு வருவதை மட்டும் மகள் நிறுத்தி வைத்தாள். வாப்பா வந்துரட்டும் என்றாள்.

அக்கா இருக்கிறாரே, மண்டபத்தில் அவர் கால் படாத இடமில்லை. வாசல், அடுப்படி, மாடி, மறுபடி வாசல். ஒவ்வொரு சுற்றிலும் என்னிடம் வந்து, "எம்புட்டு இருக்கு?" என்று பெட்டியின் மூடியைத் திறப்பார்.

"தொறக்காதீங்கக்கா! தொறக்கத் தொறக்கப் போகுது" என்று கத்துவேன்.

"தொறக்காட்டியும்தானே போகுது?" என்பார். நான் மூடியைப் பிடுங்கி அழுத்தி வைப்பேன். கட்டி கட்டியாக இருந்தது பாதியாகிவிட்டது. விருந்தாளிகள் கைக்குழந்தைகளோடு முனக ஆரம்பித்தார்கள். இரண்டாவது பந்தியும் முடிந்தது. மணப்பெண் உள்ளறையில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் அக்காதான் முடிவெடுத்தார். போனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், உள்ளறைக்குப் போனார். "வா, உம்மா கூட்டிட்டுப் போறேன்" என்று மகளின் கையைப் பிடித்தார். என் பக்கம் திரும்பி, "அவரு வந்தா வேணும், ஒரே ஒரு கட்டிய மட்டும் எடுத்து வச்சிரு. மிச்சத்தப் போடு" என்றார்.

போட்டேன். நான் விட்டதிலேயே மெல்லிய புகை அதுதான், முழங்கால் வரைக்கும்கூட வரவில்லை. அதற்குள் அந்த இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். மகள் அழுதாள். அக்கா அழவில்லை. மேடையில் மகளை உட்காரவைத்துவிட்டு, புகை கலைவதற்குள் இறங்கி எங்கோ போய்விட்டார். புகைப்படக்காரப் பெண், "பொண்ணோட அம்மா எங்க, பக்கத்துல உக்காரச் சொல்லுங்க" என்று கூவிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் கூடம் காலியானது. மகளும் மாப்பிள்ளையும் கீழக்கரைக்குக் கிளம்பிவிட்டார்கள், உம்மாவும் கூடவே போய்விட்டார். என்னோடு வேலை செய்கிற பெண்கள் பூவை எல்லாம் பிய்த்துச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் துணி கழற்றியாகிவிட்டது, மணமக்கள் உட்கார்ந்த சோபா மட்டும் கிடந்தது. அவருக்காக எடுத்து வைத்த கட்டியும் பெட்டிக்குள் விரலளவுக்குக் குறைந்திருந்தது. அக்கா நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அது மண்டபத்து ஆட்களின் வேலை. நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

வாசலில் சூட்கேஸ் உருளும் சத்தம் கேட்டது. கசங்கிய சட்டை, வாரி நாளான தலை, வீடியோவில் பார்த்ததைவிட நரைத்த தாடி. அவர் கூடத்தின் நடுவரைக்கும் வந்து நின்றார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். தரையில் கிடந்த ரோஜா இதழ்களைப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

அக்கா கையில் தூக்கிய நாற்காலியோடு நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார் என்றும் நினைத்தேன். நானாக இருந்தால் நாற்காலியை அந்த மனுஷன் மேலேயே எறிந்திருப்பேன். அக்கா அதை மெதுவாகக் கீழே வைத்தார். மேடைப் படியில் ஏறினார். அந்த சோபாவுக்குப் போய், நன்றாகச் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டு, அந்த ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து அழுதார்.

அவர் சூட்கேஸை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காரப் போனார். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க மச்சான். நான் கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன். நீங்க நில்லுங்க."

அவர் நின்றார்.